படத்தின் நொடியும் எண்ணின் நொடியும்

2023 ஏப்ரல் 12 இரவு, சேப்பாக்கம். கடைசி ஓவரில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு 21 ரன் வேண்டும். பந்து ராஜஸ்தான் ராயல்ஸின் சந்தீப் சர்மா கையில், களத்தில் தோனி. இரண்டு வைடு, இரண்டு சிக்ஸர் என்று ஆட்டம் இழுத்துக்கொண்டு போய், கடைசியில் ராஜஸ்தான் 3 ரன்னில் வென்றது. அந்த ஓவரை ஜியோசினிமாவில் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். ஸ்கோரைப் போலவே திரையில் வேறோர் எண்ணும் ஏறிக்கொண்டிருந்தது: அந்த நேரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண். தோனி ஆடிக்கொண்டிருந்தபோது அது 2.2 கோடியைத் தொட்டது. ஆட்டத்தின் முடிவோடு அந்த எண்ணும் செய்தியானது.

கைபேசியைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்து ஆட்டம் பார்க்கும்போது நமக்குத் தெரிவது ஒரே படம். ஆனால் அது பல அடுக்குகள் சேர்ந்தது. அடியில் கேமரா எடுத்த காட்சி. அதன்மேல் ஒளிபரப்புக் குழுவினர் சேர்த்த ஸ்கோர் பட்டை, பந்தின் வேகம், வீரரின் பெயர். இவை படத்தோடு கலந்தே வருகின்றன, பிரித்தெடுக்க வழியில்லை. அதற்கு மேலே, நம் கையிலுள்ள செயலி தானே வரைபவை: பார்வையாளர் எண்ணிக்கை, அரட்டை, புள்ளிவிவரப் பலகை, சப்டைட்டில். எல்லாவற்றுக்கும் மேலே, விரல் பட்டால் தோன்றிச் சில நொடிகளில் மறையும் பொத்தான்கள்: பாஸ், பத்து நொடி பின்னே, பத்து நொடி முன்னே, லைவ். இவற்றோடு ஆட்டத்தின் நீளத்தைக் காட்டும் காலப்பட்டை.

இந்த அடுக்குகள் எல்லாம் ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை. பார்ப்பவர் காலப்பட்டையில் எந்த நொடியில் நிற்கிறாரோ, திரையிலுள்ள ஒவ்வொரு எண்ணும் அந்த நொடிக்குரியதாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். கேட்பதற்கு எளிய கோரிக்கைதான். ஆனால் ஸ்ட்ரீமிங் பிளேயர்கள் வளர்ந்த விதத்தில் இதுதான் அடிக்கடி கைநழுவிப் போகிறது.

முதலில், நேரலை என்று நாம் பார்ப்பது எவ்வளவு பழையது என்று பார்ப்போம். 2009இல் ஆப்பிள் ஐபோனுக்காகக் கொண்டுவந்த ஹெச்எல்எஸ், 2012இல் சர்வதேசத் தரமாக வெளிவந்த டேஷ் ஆகிய இரண்டு ஸ்ட்ரீமிங் முறைகளுக்கும் அடிப்படை ஒன்றே. ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் சேமித்து, எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் தயாரிப்பார்கள். பிளேயர் அந்தப் பட்டியலைப் படித்து, நம் இணைய வேகம் தாங்கும் தரத்தில் அடுத்தடுத்த துண்டுகளை இறக்கிக்கொள்ளும். ஆப்பிள் தொடக்கத்தில் ஒரு துண்டுக்குப் பத்து நொடி என்று பரிந்துரைத்தது. பிறகு ஆறு நொடியாகக் குறைத்தது. நேரலையில் பட்டியலின் கடைசித் துண்டிலிருந்தே ஓட்டத் தொடங்கக் கூடாது, குறைந்தது மூன்று துண்டுகளின் நீளமாவது பின்தங்கியிருக்க வேண்டும் என்று 2017இல் வெளியான ஹெச்எல்எஸ் ஆவணம் அறிவுறுத்துகிறது. ஆறு நொடித் துண்டு என்றால் அதுவே 18 நொடி. படத்தைச் சுருக்கவும் சர்வர்களுக்கு அனுப்பவும் ஆகும் நேரம் தனி.

இந்தத் தாமதம் தெரிந்தே வைத்த கையிருப்பு. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியவர் கடற்கரை நிலையம் சேர்வதற்குள் கைபேசி ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்குப் பலமுறை மாறும். இடையில் சிக்னல் இல்லாத நொடிகளைக் கையிருப்பில் உள்ள துண்டுகள்தான் நிரப்புகின்றன. டிடிஹெச் வீட்டில் இந்தச் சிக்கல் இல்லை. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்ப சிக்னலுக்குக் கால் நொடி போதும். சுருக்கவும் விரிக்கவும் சில நொடிகள் சேரும், அவ்வளவுதான். அதனால்தான் பக்கத்து வீட்டுக் கூச்சல் நம் கைபேசியை முந்துகிறது. 2019இல் அறிவிக்கப்பட்ட குறைதாமத ஹெச்எல்எஸ், துண்டையும் சிறு சிறு பகுதிகளாக வெட்டி அனுப்பி இந்த இடைவெளியைச் சில நொடிகளாகக் குறைக்கிறது. விலையும் உண்டு: கையிருப்பு மெலிகிறது, இணையம் தடுக்கினால் படமும் உடனே நிற்கிறது.

படம் இப்படி அரை நிமிடம் வரை பின்னால் வந்துகொண்டிருக்க, எண் வேறு வழியில் வருகிறது. ஒவ்வொரு பந்து முடிந்ததும் ஒருவர் அதன் விவரத்தைக் கணினியில் பதிகிறார். நாலு ரன், பந்து வீசியவர் யார், அடித்தவர் யார். சில நூறு எழுத்துகளில் அடங்கிவிடும் தகவல் இது. சுருக்கவோ வெட்டவோ வேண்டியதில்லை. சில நொடிகளில் கோடிக்கணக்கான கைபேசிகளுக்குப் போய்விடுகிறது. விளைவு நாம் எல்லோரும் அறிந்ததுதான். பந்து வீச்சாளர் இன்னும் ஓடத் தொடங்கவில்லை, திரையின் உச்சியில் 'விக்கெட்' என்று நோட்டிஃபிகேஷன் வந்து விழுகிறது. வேறொரு செயலியிலிருந்து வந்தால் அதை அணைத்து வைக்கலாம். ஆட்டம் ஓடும் செயலியே தன் புள்ளிவிவரப் பலகையில் அடுத்த பந்தின் முடிவைக் காட்டிவிட்டால் ஒரே திரை தன்னைத்தானே மறுத்துப் பேசுகிறது: படத்தில் 142, பலகையில் 148.

தீர்வு ஏற்கெனவே தரங்களுக்குள்ளேயே இருக்கிறது. ஹெச்எல்எஸ் பட்டியலில் ஒரு துண்டின் முதல் பிரேம் எந்தத் தேதியில், எந்த மணித்துளியில் எடுக்கப்பட்டது என்று குறிக்க ஒரு வரிக்கு இடம் உண்டு. அதை நிரப்பி அனுப்பினால், திரையில் இப்போது தெரிவது மைதானக் கடிகாரத்தில் எந்த நொடி என்று பிளேயருக்குத் தெரியும். ஸ்கோர் தகவலிலும் அதே கடிகார நேரத்தை ஒட்டிவிட்டால், முந்தி வந்த எண்ணைப் பிளேயர் பிடித்துவைத்து, படம் அந்த நொடிக்கு வந்ததும் காட்டலாம். எண்ணைத் துண்டுக்குள்ளேயே பொதிந்து அனுப்பும் வழியும் இருக்கிறது. ஸ்கோர் பதிபவர் பந்து முடிந்த பிறகே விசையைத் தட்டுவதால் எண் ஓரிரு நொடி பிந்தும். பிந்துவது பரவாயில்லை, முந்துவதுதான் ஆட்டத்தைக் கெடுக்கிறது.

கடினமான பகுதி ரிவைண்ட். பார்ப்பவர் பத்து நொடி பின்னே போனால் பலகையும் பின்னே போக வேண்டும். அதற்கு இப்போதைய ஸ்கோர் மட்டும் போதாது. ஒவ்வொரு கணத்திலும் ஸ்கோர் என்னவாக இருந்தது என்ற வரலாறு பிளேயரின் கையில் இருக்க வேண்டும். கார்ப் பந்தயத்தில் இது பெரும் பாரம். ஒவ்வொரு காரின் இடமும் வேகமும் நொடிதோறும் மாறிக்கொண்டே இருக்கும். கிரிக்கெட் அப்படியல்ல. அது பந்து பந்தாக நகரும் ஆட்டம். ஒரு டி20 போட்டியில் வைடும் நோபாலும் நீங்கலாக அதிகபட்சம் 240 பந்துகள். 240 நிலைகளைச் சேமிக்க ஒரு புகைப்படத்தின் அளவுகூட ஆகாது. இவ்வளவு எளிதாக அமைந்த ஓர் ஆட்டத்தில் பலகையும் படமும் முரண்பட்டால், அதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எப்போதும் கடைசி எண்ணை வாங்கிக் காட்டுவது எளிது என்பதால் அப்படிச் செய்கிறார்கள்.

சேமித்து வைத்த படங்களில் இதைச் சரியாகச் செய்து காட்டியவர்கள் உண்டு. அமேசான் 2012இல் படங்களுக்குக் கொண்டுவந்த எக்ஸ்-ரே வசதியில், பாஸ் செய்த காட்சியில் இருக்கும் நடிகர்கள் யார் என்று ஓரத்தில் தெரியும். காட்சி மாறினால் பெயர்களும் மாறும். பின்னே போனால் கூடவே போகும். பார்ப்பவர் நிற்கும் நொடிக்குத் தகவல் முழுமையாகக் கட்டுப்படும் அமைப்பு அது.

படத்தின்மேல் தகவல் வரையும் பழக்கம் ஸ்ட்ரீமிங்குக்கு முந்தியது. 1996 ஜனவரியில் பாஸ்டனில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி, மின்னணுச் சாதனம் பொதிந்த வட்டைப் பயன்படுத்தியது. வட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அதைச் சுற்றி நீல ஒளி வரைந்தார்கள்; வேகமாக அடித்தால் சிவப்பு வால் நீளும். புதியவர்களுக்கு உதவிய அந்த ஒளி, காலங்காலமாக ஹாக்கி பார்த்தவர்களை எரிச்சலூட்டியது. வேண்டாதவர் அணைக்க வழியில்லை. 1998இல் அது கைவிடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று ஈஎஸ்பிஎன் ஒளிபரப்பில் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின்மேல் ஒரு மஞ்சள் கோடு தோன்றியது. அணி எட்ட வேண்டிய எல்லையை அது காட்டியது. புல்மேல் வரைந்ததைப் போல வீரர்களின் கால்களுக்கு அடியில் கிடந்ததால் யாரையும் உறுத்தவில்லை, இன்றுவரை நிலைத்துவிட்டது. இரண்டுக்கும் பின்னால் இருந்த பொறியாளர் ஒருவரே, ஸ்டான் ஹனி. மஞ்சள் கோடு பார்ப்பவருக்கு அந்த நொடியில் எழும் கேள்விக்குப் பதில் சொன்னது. நீல ஒளி, கேள்வி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரிந்துகொண்டிருந்தது.

ஸ்ட்ரீமிங் வந்த பிறகு எல்லோருக்கும் ஒரே அடுக்கைக் காட்டும் கட்டாயம் போய்விட்டது. கைபேசியே வரையும் அடுக்கை வேண்டியவர் வைத்துக்கொள்ளலாம், வேண்டாதவர் மூடலாம். இதன் பெரிய பயன் பார்வைக் குறையுள்ளவர்களுக்கு. படத்தோடு கலந்த ஸ்கோர் பட்டை வெறும் நிறப்புள்ளிகள். டாக்பேக் போன்ற திரைவாசிப்பு வசதி அதை எழுத்தாக எடுத்துப் படித்துவிடாது. செயலி எழுத்தாக வரைந்தால் விரல் வைத்த இடத்தில் '142க்கு 4, பதினாறாவது ஓவர்' என்று குரல் வரும். தமிழில் வேண்டும் என்பவருக்குத் தனி ஒளிபரப்பு தேவையில்லாமல் பலகையைத் தமிழிலேயே தரலாம். ஆனால் அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கெழுத்துக்கு அளவெடுத்தவை. அதே உயரத்தில் தமிழை அடைத்தால் 'கீ'யின் கொண்டையும் 'கூ'வின் வாலும் வெட்டுப்படும். நீளமான பெயர் பாதியில் மூன்று புள்ளியாக முடியும். பொத்தான்கள் மேலெழும்போது சப்டைட்டில் வரி அவற்றுக்கு அடியில் மறையாமல் ஒரு படி மேலே நகர வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் காது கேளாதவருக்கு அந்த வரிதான் முழு உரையாடலும்.

இனி பொத்தான்கள். 2019 ஜூலை 10, மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபர்ட், உலகக் கோப்பை அரையிறுதி. 49ஆவது ஓவரின் மூன்றாம் பந்தில் தோனி இரண்டாவது ரன்னுக்கு ஓடினார். நியூசிலாந்தின் மார்ட்டின் கப்தில் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் பட்டது. இந்தியா 18 ரன்னில் தோற்ற அந்த அரையிறுதியின்போது ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தார்கள்; அன்றைக்கு அது உலகச் சாதனை. ஆட்டம் கைவிட்டுப் போனதும் இத்தனை பேரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் 'பேக்' பொத்தானைத் தட்டினால் என்ன ஆகும்? வீடியோத் துண்டுகள் அனுப்பும் சர்வர்களின் சுமை இறங்கும். ஆனால் அத்தனை பேரும் செயலியின் முகப்புப் பக்கத்தில் போய் விழுவார்கள். அதைத் தயாரித்துத் தரும் சர்வர்களின் சுமை ஒரேயடியாக ஏறும். விக்கெட் விழும் கணத்துக்கும் சேர்த்தே பொறியாளர்கள் சர்வர்களைத் தயார் நிலையில் வைக்க வேண்டியிருக்கிறது.

அந்த ரன் அவுட்டைப் பிரேம் பிரேமாகப் பார்த்தால் காலப்பட்டையின் எல்லையும் புரியும். நொடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.04 நொடி. முழு வேகத்தில் ஓடும் பேட்ஸ்மேன் நொடிக்கு ஏழெட்டு மீட்டர் கடப்பார். ஆக ஒரு பிரேமுக்குள் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். தோனி கிரீஸுக்கு எட்டாமல் நின்றது சில அங்குலங்களில். ஒரு பிரேமில் பெயில் இருந்த இடத்தில் இருக்கிறது, அடுத்த பிரேமில் எழும்பிவிட்டது; மட்டை எங்கே இருந்தது என்பது அந்த இரண்டுக்கும் நடுவில் மறைந்துவிடுகிறது. மூன்றாவது நடுவருக்கு அதிவேகக் கேமராக்கள் தேவைப்படுவது இதனால்தான். யூடியூப்பைக் கணினியில் பார்ப்பவர்கள் வீடியோவை நிறுத்திவிட்டுக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளால் ஒவ்வொரு பிரேமாக நகரலாம். ஜே பத்து நொடி பின்னே, எல் பத்து நொடி முன்னே, கே நிறுத்தவும் ஓட்டவும். இந்த மூன்று விசைகளும் படத்தொகுப்பாளர்களின் மேசையில் நெடுங்காலமாகப் புழங்கியவை. பெரும்பாலான விளையாட்டுச் செயலிகளில் பத்து நொடித் தாவலுக்குக் கீழே போக வழியில்லை. நடுவரின் தீர்ப்பைத் தானே சோதித்துப் பார்க்க விரும்பும் நாட்டில் பிரேம் நகர்த்தும் வசதியை ஒளித்துவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

யூடியூப்பில் வீடியோமேல் வலது சொடுக்குப் போட்டால் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்றொரு பலகை திறக்கும். தவறிய பிரேம்கள், இணைப்பின் வேகம், கையிருப்பில் எத்தனை நொடி என்பவற்றோடு, நேரலை என்றால் 'லைவ் லேட்டன்சி' என்ற எண்ணும் இருக்கும். நேரலையை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். அந்த எண் ஏறத்தாழ ஒரு நிமிடம் கூடியிருக்கும், பொத்தான் வரிசையில் லைவ் பக்கத்திலுள்ள சிவப்புப் புள்ளியும் சாம்பலாகியிருக்கும். நான் பார்த்த தகவல் அடுக்குகளில் மிக நேர்மையானது இதுதான். பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்று அவருக்கே சொல்கிறது. பொறியாளர்களுக்காக மறைத்துவைத்த இந்த ஒற்றை எண் எல்லா விளையாட்டு நேரலையிலும் லைவ் பொத்தானுக்கு அருகில் வர வேண்டும்.

சேப்பாக்க இரவின் 2.2 கோடியை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். பத்து நொடி பின்னே போய்த் தோனியின் சிக்ஸரை மறுபடி பார்ப்பவருக்கு அந்த எண் எந்த நொடியைச் சேர்ந்தது? அது நிறுவனத்தின் 'இப்போது'. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் டிஜிட்டல் உரிமைக்கு, ஜியோசினிமாவை அப்போது நடத்திய வயாகாம்18 கொடுத்த தொகை 23,758 கோடி ரூபாய். இந்தியத் தொலைக்காட்சி உரிமைக்கு டிஸ்னி ஸ்டார் கொடுத்தது 23,575 கோடி. இவ்வளவு பணம் போட்டவர்கள் கூட்டத்தின் அளவை விளம்பரதாரருக்குக் காட்ட விரும்புவது இயல்பு. தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்கும் கோடிப் பேரோடு இருக்கிறோம் என்ற உணர்வு கிடைக்கிறது. அதையும் நான் மதிக்கிறேன். நேரலையை விட்டு விலகியவரின் திரையில் மட்டும் அது மறைந்துகொள்ளட்டும்.

எண்கள் எந்த நொடியைச் சேர்ந்தவை என்பதோடு, எந்த வகையைச் சேர்ந்தவை என்பதும் முக்கியம். பந்தின் வேகம் அளந்த எண். எந்த அணி வெல்லும் என்ற சதவீதம், பழைய ஆட்டங்களை வைத்து ஒரு கணித மாதிரி போட்ட கணக்கு. இரண்டும் திரையில் ஒரே எழுத்துருவில், ஒரே பெட்டியில் வருகின்றன. 2001இல் பிரிட்டனின் சேனல் 4 கிரிக்கெட்டில் அறிமுகப்படுத்திய ஹாக்-ஐயிலேயே இந்தக் கலப்பு இருக்கிறது. பந்து காலில் படும்வரையிலான பாதை கேமராக்கள் கண்டது. அதற்குப் பிறகு ஸ்டம்பை நோக்கிப் போகும் பாதை ஊகம். திரையில் ஒரே வழவழப்பான கோடாக அது நீள்கிறது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஹாரி காலின்ஸும் ராபர்ட் எவன்ஸும் 2008இல் எழுதிய ஆய்வில், இப்படிக் காட்டுவது இயந்திரம் தவறே செய்யாது என்ற எண்ணத்தை மக்களிடம் வளர்க்கும், பிழையின் அளவையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று வாதிட்டார்கள். கிரிக்கெட்டில், ஊகம் உறுதியாக இல்லாதபோது நடுவரின் தீர்ப்பையே நிலைக்கவிடும் 'அம்பயர்ஸ் கால்' இருப்பதால் ஓரளவுக்கு அந்த நேர்மை இருக்கிறது. ஆனால் வெற்றிச் சதவீதத்துக்கு அப்படி எந்த வேலியும் இல்லை. படத்தை நிறுத்தி ஓர் எண்ணைத் தொட்டால் அது அளந்ததா, கணித்ததா என்று ஒரு வரியில் சொல்ல பிளேயரால் முடியும். பாஸ் பொத்தானுக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தோன்றவில்லை.

விளம்பரத்தைப் பற்றி ஒன்று மட்டும். ஓவர் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு விளம்பரத்தைச் சர்வரே படத்துக்குள் தைத்து அனுப்புகிறது. அப்போது முன்னே ஓட்டும் பொத்தான் வேலை செய்யாது. விளம்பரத்தின் நீளமும் இடைவெளியின் நீளமும் பொருந்தாவிட்டால் அடுத்த ஓவரின் முதல் பந்து போய்விடும். ஓடிய நொடிகளை எண்ணி ஸ்கோரைப் பொருத்தும் பிளேயர் இங்கே தடம் மாறும். மைதானக் கடிகாரத்தைப் பின்பற்றும் பிளேயர் மாறாது.

வேலை முடித்து இரவில் வந்து பகலில் நடந்த ஆட்டத்தைப் பார்ப்பவரும் இருக்கிறார். இதுவரை சொன்னவை எல்லாம் அவருக்கு இரண்டு மடங்கு முக்கியம். அமெரிக்காவின் பேஸ்பால், கூடைப்பந்துச் செயலிகளில் ஸ்கோரை மறைக்கும் அமைப்பு உண்டு. அதை இயக்கினால் ஆட்டப் பட்டியலில் முடிவு தெரியாது. கிரிக்கெட்டில் அது மட்டும் போதாது. காலப்பட்டையில் விக்கெட் விழுந்த இடங்களில் புள்ளி வைக்கிறார்கள்; விரலை இழுத்தால் சிறு படங்கள் கோப்பையோடு நிற்கும் அணியைக் காட்டிவிடுகின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும் பட்டையின் நீளம் எஞ்சும். டி20 ஆட்டத்தில் துரத்தும் அணியின் பதினான்காவது ஓவரில் வீடியோ இன்னும் பத்து நிமிடமே இருக்கிறது என்று தெரிந்தால், ஆறு ஓவருக்கு அந்த நேரம் போதாது. ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது என்று புரிந்துவிடும். ஆகவே மறைத்துப் பார்க்க விரும்புபவருக்குப் புள்ளிகளும் சிறு படங்களும் அவர் கடந்து வந்த பகுதியில் மட்டும் தெரிய வேண்டும். எந்த டி20 ஆட்டமானாலும் நாற்பது ஓவரும் முழுதாக நடந்தால் ஆகும் நீளத்துக்குப் பட்டையை நீட்டிக் காட்ட வேண்டும். இதற்குப் புதிய கேமராவோ வேகமான இணையமோ தேவையில்லை. செயலி வரையும் அந்தக் கோட்டின் நீளத்தை மாற்றினால் போதும்.